எந்த வரிக்காக?

போன மே 18 அன்று நான் கணக்கு வைத்திருக்கும் ஒரு தளத்தில் ஒரு படம் போட்டேன். கொட்டாங்குச்சியில் கஞ்சி. அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். இலங்கையின் வன்னியிலிருந்து வந்து எங்கள் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஒரு அக்கா ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் காய்ச்சுவார். கொட்டாங்குச்சி என்றால் அவருக்குப் பிடிக்காது, "சிரட்டை என்று சொல்லுங்கோ தம்பி" என்பார். படத்துக்குக் கீழே நான் எழுதியது இரண்டு வரி. 2009-இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் பதுங்குகுழிக்குள் பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுத்தோம் என்று அக்கா சொன்னதும், அதைச் சொன்னபோது அவர் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை என்பதும்.

அரை மணி நேரத்தில் படம் போய்விட்டது. ஆபத்தான நபர்கள், அமைப்புகள் பற்றிய விதியை மீறிவிட்டேனாம். புலிகள் இயக்கத்தின் பெயர் அதில் இல்லை, கொடி இல்லை, தலைவர் படம் இல்லை. மேல்முறையீட்டுப் பொத்தானை அழுத்தினேன். மறுநாள் பதில் வந்தது: முடிவில் மாற்றமில்லை. எந்த வரி குற்றம், அதைப் படித்தது மனிதரா இயந்திரமா, அவருக்குத் தமிழ் தெரியுமா? எதற்கும் பதில் இல்லை. அக்காவிடம் போய் நான் என்ன சொல்வது? உங்கள் கஞ்சி ஆபத்தான அமைப்பு என்றா?

சரி, அப்படியென்றால் யாரும் எதையும் நீக்கவே கூடாதா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. 2018 மார்ச்சில் இலங்கையில் கண்டி பக்கம் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அந்த நாட்களில் முகநூலில் சிங்களத்தில் வெறுப்பு வெளிப்படையாக ஓடியது. முஸ்லிம்களைக் கொல்லுங்கள், கைக்குழந்தையைக்கூட விடாதீர்கள் என்ற பொருளில் எழுதப்பட்ட பதிவைப் புகார் செய்தவர்களுக்கு, அது விதிகளை மீறவில்லை என்று பதில் போனது. அரசு சில நாட்களுக்கு முகநூலையும் வாட்ஸ்அப்பையும் நாடு முழுக்க முடக்கிய பிறகுதான் அந்த நிறுவனம் சரியாகத் திரும்பிப் பார்த்தது. 2020 மே மாதம் தன் பங்குக்கு மன்னிப்பும் கேட்டது. வீடு எரிந்தவர்களுக்கு அந்த மன்னிப்பு என்ன செய்யும்? எடுக்க வேண்டியதை அன்றே எடுத்திருக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆக, குழந்தையைக் கொல் என்ற வரி இருந்தது. குழந்தைக்குக் கொடுத்த கஞ்சி போனது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்றுதான் நினைக்கிறேன். நம் மொழியில், நம் ஊர் நிலவரம் தெரிந்து, உட்கார்ந்து படிக்கும் ஆட்கள் போதவில்லை. சொல்லையும் சின்னத்தையும் வைத்துப் பொருத்திப் பார்க்கிற இயந்திரத்துக்குத் துக்கம் எது, துதி எது என்று தெரியாது.

குர்து மக்களுக்கும் இதே கதைதான். குர்து இயக்கத் தலைவர், துருக்கிச் சிறையில் தனிமையில் வைக்கப்பட்டிருந்த அப்துல்லா ஒச்சலானின் சிறை நிலைமையைப் பற்றிப் பேசலாம் வாருங்கள் என்று அமெரிக்காவில் ஒருவர் 2021 ஜனவரியில் இன்ஸ்டாகிராமில் எழுதினார். நீக்கிவிட்டார்கள். இன்ஸ்டாகிராமும் முகநூல் நிறுவனத்துடையதுதான். அதன் முடிவுகளை மறுபடி பார்க்கும் மேற்பார்வைக் குழுவுக்கு இந்த வழக்கு போனபோதுதான் உண்மை வெளியே வந்தது. தடை செய்யப்பட்டவர்களின் சிறை நிலைமை, மனித உரிமை பற்றிப் பேசுவதை அனுமதிக்கும் உள்விதி ஒன்று 2017-லேயே எழுதப்பட்டிருக்கிறது. 2018-இல் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாறும்போது அது தொலைந்துவிட்டது. 3 ஆண்டுகள் தொலைந்தே கிடந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. அந்த 3 ஆண்டுகளில் எத்தனை பேரின் பதிவு போயிருக்கும்! நீக்கும்போதே ஒவ்வொருவருக்கும் ஒழுங்காகக் காரணம் சொல்லியிருந்தால், இப்படி ஒரு விதி காணாமல் போனது முதல் மாதத்திலேயே பிடிபட்டிருக்காதா?

அரசாங்கம் என்று வந்தால் இன்னும் மோசம். 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் திறக்கவில்லை. கை கால் விலங்கோடு பிரதமர் மோடி, டிரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் விகடன் ப்ளஸ் அட்டையில் ஒரு கார்ட்டூன் வந்திருந்தது. அமெரிக்கா நம்மவர்களை விலங்கு மாட்டி ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பிய நேரம் அது. கார்ட்டூன் பிடிக்காதவர்கள் இருக்கலாம், அது அவர்கள் உரிமை. ஆனால் ஒரு கார்ட்டூனுக்காக முழுத் தளமும் போனது. சமையல் குறிப்பு, சிறுகதை, பழைய பேட்டி எல்லாம் சேர்ந்து. அடைத்தது யார் என்று அன்று இரவு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரசிடமிருந்து தங்களுக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை என்று விகடனே எழுதியது. மார்ச் 6-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தளத்தைத் திறக்கச் சொன்னது, அதுவும் அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்த பிறகு.

அதே விகடன் 1987-இல் ஒரு நகைச்சுவைத் துணுக்கை அட்டையில் போட்டதற்காக ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு சட்டமன்றம் 3 மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. அநியாயம்தான். ஆனால் தண்டித்தது சட்டமன்றம், அறிவித்தவர் சபாநாயகர் பி. எச். பாண்டியன், காரணம் அந்த ஜோக் என்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தவருக்குக்கூடத் தெரியும். அதனால்தான் எதிர்ப்பு கிளம்பியது, இரண்டே நாளில் வெளியே விட்டார்கள். பிறகு அவர் நீதிமன்றம் போய் 1000 ரூபாய் இழப்பீடும் வாங்கினார். சண்டை போட ஒரு முகம் எதிரே இருந்தது. இன்று அந்த முகத்தை எங்கே தேடுவது?

முகம் இல்லாததற்கும் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்ததை நாம் கொண்டாடினோம். யாருக்காவது எரிச்சல் வந்தாலே 3 ஆண்டுவரை உள்ளே தள்ளலாம் என்றிருந்த பிரிவு அது, ஒழிந்தது நல்லது. ஆனால் அதே தீர்ப்பில் இணையதளத்தை முடக்கும் 69ஏ பிரிவு செல்லும் என்றும் சொல்லிவிட்டார்கள். எழுதியவரைக் கண்டுபிடிக்க முடிந்தால் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றெல்லாம் பாதுகாப்பு இருக்கிறதே என்பது நீதிமன்றத்தின் சமாதானம். ஆனால் அந்தப் பிரிவுக்கான 2009-ஆம் ஆண்டு விதிகளில் 16-ஆவது விதி, புகாரும் நடவடிக்கையும் கடும் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. எழுத்தில் இருக்கிற காரணத்தை எழுதியவருக்கே காட்டவில்லை என்றால் அவர் எதை வைத்து வழக்குப் போடுவார்? விகடனுக்கு வக்கீல் உண்டு, வாசகர் கூட்டம் உண்டு. பஸ்ஸில் போகும்போது நாலு வரி எழுதிப் போடுகிற கல்லூரிப் பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எடுக்கிறீர்களா, எடுங்கள். எந்த வரிக்காக என்று எனக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள். முடிவு எடுத்தது நிறுவனமா, அரசு கேட்டதாலா என்று சொல்லுங்கள். நான் பதில் சொன்னால் தமிழ் தெரிந்த ஒரு மனிதர் அதைப் படிக்கட்டும். ரேஷன் கார்டில் பெயரை நீக்கினால்கூட ஏன் என்று கேட்க ஒரு தாலுகா ஆபீஸ் இருக்கிறது.

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வேற படம் எடுக்கிறீங்களா, இன்னும் கொஞ்சம் கஞ்சி கிடக்கு" என்றார். வருகிற மே 18 அன்று அதே சிரட்டை, அதே இரண்டு வரி, அதே தளத்தில் போடப் போகிறேன்.