பழைய மோட்டார்ஹோம்ல குரூஸ் கன்ட்ரோல் மாத்துறது "ஒரு மணி நேர வேலை"ன்னு சொன்னவன் எவன்?

மோட்டார்ஹோம்னா சக்கரம் வச்ச வீடு, குரூஸ் கன்ட்ரோல்னா ஆக்ஸிலேட்டர்ல கால் வைக்காமலே வேகத்தை ஒரே அளவுல பிடிச்சு வைக்கிற சமாச்சாரம். கிட் வாங்கு, மாட்டு, ஓட்டு, அவ்ளோதானாம். யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்றாங்க. சொல்ற ஒருத்தன் கூட எழுபதுகள்ல வந்த மோட்டார்ஹோமோட எஞ்சின் மூடியைத் தொறந்து உள்ள கை விட்டிருக்க மாட்டான், எழுதியே குடுக்குறேன்.

"இந்த டப்பாவுக்கு எதுக்குய்யா குரூஸு"ன்னு கேக்குற கூட்டம் ஒண்ணு இருக்கு, அவங்களுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். இந்த மாதிரி வண்டியில நிறையவற்றுல எஞ்சின் ரெண்டு சீட்டுக்கும் நடுவுல, ஒரு பெரிய மூடிக்குள்ள உக்காந்திருக்கும். ஸ்டீயரிங் இடது பக்கம்ங்கிறதால டிரைவரோட வலது கால் அந்த மூடியை ஒட்டித்தான் இருக்கும், நீட்டவும் முடியாது மடக்கவும் முடியாது, பக்கத்துல எக்ஸாஸ்ட் சூடு வேற. ஆக்ஸிலேட்டர் ஸ்பிரிங் இருக்கே, அது இன்னைக்கு கார் மாதிரி தொட்டா அமுங்குற சமாச்சாரம் இல்ல, மிதிக்கணும், மிதிச்சுட்டே இருக்கணும். ஹைவேல கொஞ்ச நேரம் ஓட்டினாலே கணுக்கால் கெஞ்சும். அதுக்குத்தான் குரூஸு, சொகுசுக்கு இல்ல.

பழைய சிஸ்டத்தை நான் திட்டவே மாட்டேன். அது என்ன பண்ணுதுன்னு கண்ணால பார்த்தே புரிஞ்சுக்கலாம். ஸ்பீடோமீட்டர் கேபிள் ஒரு சின்ன டப்பாக்குள்ள போகும், உள்ள கவர்னர் ஒண்ணு வண்டி வேகத்துக்குத் தகுந்த மாதிரி சுத்தும், அது எஞ்சின் வேக்குவத்தை, அதாவது எஞ்சின் காத்தை உறிஞ்சுற இழுப்பை, கூட்டிக் குறைக்கும், அந்த வேக்குவம் டயாஃப்ரம்ங்கிற ஒரு ரப்பர் சவ்வை இழுக்கும், டயாஃப்ரம் குட்டி உருண்டை கோர்த்த ஒரு மணிச் சங்கிலியை இழுக்கும், சங்கிலி கார்புரேட்டர்ல காத்தை உள்ள விடுற த்ராட்டிலை இழுக்கும். அவ்ளோதான் மொத்த ரகசியமும். வேலை செய்யலையா, ஹோஸ் வெடிச்சிருக்கும், இல்ல டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கும், வாய் வச்சு உறிஞ்சுனாலே தெரிஞ்சிடும். குரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடிச்ச ரால்ஃப் டீட்டர் சின்ன வயசுலயே பார்வை போனவர், 1950ல பேட்டன்ட் வாங்கினார், 1958ல கிரைஸ்லர் அதைக் காருக்குக் கொண்டு வந்தாங்க. அந்த மனுசன் எல்லாத்தையும் தடவிப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டவரு. நான் ரெண்டு கண்ணும் ஒரு டார்ச்சும் வச்சுக்கிட்டு டேஷ்போர்டுக்கு அடியில மல்லாக்கப் படுத்து எது எந்த வயருன்னு தேடிட்டு இருக்கேன்.

பழசுலயும் ஒரு பிறவிக் குறை இருக்கு, இல்லேங்கல. வண்டி நகராம எஞ்சின் மட்டும் ஐடில்ல ஓடுறப்ப வேக்குவம் பாதரச அளவுல 18, 20 இஞ்ச் காட்டும், மேடு ஏறுறப்ப த்ராட்டிலைத் தொறக்கத் தொறக்க அது கிட்டத்தட்ட ஒண்ணுமில்லாம போயிடும். அதாவது எப்போ இழுக்கச் சக்தி வேணுமோ சரியா அப்போதான் அதுக்கு மூச்சு நின்னுடும். டன் கணக்குல எடை, முன்னாடி சுவர் மாதிரி முகம், மூணு கியர் ஆட்டோமேட்டிக். ஒரு மேம்பாலம் வந்தாலே வேகம் சரிஞ்சிடும். வேக்குவத்தைச் சேர்த்து வைக்க ஒரு டேங்கும், அது திரும்பப் போகாம தடுக்க ஒரு செக் வால்வும் போட்டா கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், அவ்ளோதான். இதுல கேபிள் போற அந்த டப்பா சிக்கிடுச்சுன்னா ஸ்பீடோமீட்டர் முள்ளும் சேர்ந்து ஆட ஆரம்பிக்கும். புது டப்பாவுக்கு எங்க போறது? எவனோ வேற வண்டியில இருந்து கழட்டி வச்சிருக்குற, இன்னும் எத்தனை நாள் தாங்கும்னே தெரியாத பழசுதான் கிடைக்கும்.

சரின்னு எலக்ட்ரானிக் கிட்டுக்குப் போனா, அட்டைப்பெட்டி மேல "எந்த வண்டிக்கும் பொருந்தும்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். பொருந்தும், எப்போ பொருந்தும்? உன் வண்டியில ஏற்கனவே வேகத்தைச் சொல்ற எலக்ட்ரிக் சிக்னல் இருந்தா. 1975 வண்டியில ஏதுய்யா சிக்னல்? சுத்துற கம்பி ஒண்ணுதான் இருக்கு. அந்த டப்பாவைக் கழட்டுனா கையில மிஞ்சுறது ரெண்டு குட்டைக் கேபிள், ஒண்ணு கியர்பாக்ஸ்ல இருந்து வருது, இன்னொண்ணு மீட்டருக்குப் போகுது, ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடாது. அதுக்குத் தனியா நீளக் கேபிள் தேடணும், நடுவுல அந்தச் சுத்தை எலக்ட்ரிக் துடிப்பா மாத்துற ஒரு பல்ஸ் ஜெனரேட்டர் மாட்டணும், அதோட த்ரெட் சைஸ் ஒத்துவரணும். கேபிள் ஒரு மைலுக்கு 1000 சுத்து, ஜெனரேட்டர் ஒரு சுத்துக்கு எட்டு பல்ஸ் குடுத்தா மைலுக்கு 8000, அதுக்குத் தகுந்த மாதிரி கிட்டோட கன்ட்ரோல் பெட்டியில குட்டி குட்டி ஸ்விட்சை மாத்தி வைக்கணும். இது எதுவும் அந்த ஒரு மணி நேரக் கணக்குல வராது.

"அதுக்கு எதுக்கு இவ்ளோ கஷ்டம், சக்கரத்தைச் சுத்த வைக்கிற டிரைவ்ஷாஃப்ட் தண்டுல காந்தத்தைக் கட்டி விடு, பக்கத்துல அது சுத்துறதை உணர்ற பிக்கப் காயிலை மாட்டு"ன்னு இன்னொரு அறிவாளி. நல்ல யோசனைதான், வண்டிக்கு அடியில படுத்து சேறும் கிரீஸும் மூஞ்சில விழ விழ நீ வந்து மாட்டிக் குடு. அதுலயும் 1973ல இருந்து 1978 வரைக்கும் வந்த ஜிஎம்சி மோட்டார்ஹோம் முன்சக்கர டிரைவ் வண்டி, பின்னாடி போற டிரைவ்ஷாஃப்ட்டே அதுல கிடையாது. அதை வச்சிருக்கவங்ககிட்டயும் இதே அட்வைஸைக் கூசாம சொல்றாங்க.

இதெல்லாம் கூடப் பரவால்ல. என்னை நிஜமாவே கொதிக்க வச்சது பிரேக் லைட்டுதான். எல்லா கனெக்‌ஷனும் சரி, வேக சிக்னல் வருது, பட்டன் வேலை செய்யுது, ஆனா குரூஸ் மட்டும் பிடிக்க மாட்டேங்குது. கிட் வித்தவனுக்கு போன் பண்ணா "கிரவுண்ட் செக் பண்ணுங்க சார்"ங்கிறதைத் தவிர வேற வார்த்தையே வரலை. விஷயம் என்னன்னா, அந்தப் பெட்டியில இருந்து ஒரு வயர் பிரேக் ஸ்விட்ச்சுக்கு அந்தப் பக்கம், லைட்டுக்குப் போற லைன்ல சேருது. பிரேக் மிதிக்காதப்ப அந்த வயர் பல்போட ஃபிலமென்ட் வழியாத்தான் கிரவுண்டை, அதாவது கரண்ட் திரும்பிப் போற வண்டி பாடியை, பார்க்குது. முன்னாடி வண்டி வச்சிருந்த புண்ணியவான் பின்னாடி பல்பு எல்லாத்தையும் எல்இடியா மாத்தி வச்சிருக்காரு, எல்இடியில அந்த வழி கிடையாது. பெட்டி "பிரேக் லைன் அந்துபோச்சு"ன்னு நினைச்சுக்கிட்டு கமுக்கமா உக்காந்திருக்கு. ஒரு அஞ்சு பின் ரிலே, அதாவது கரண்ட்டால இயங்குற ஸ்விட்ச், போட்டா முடிஞ்சது, இல்ல ஒரே ஒரு பழைய பல்பைத் திரும்ப மாட்டினாலும் போதும். இதை மேனுவல்ல முதல் பக்கத்துல போட்டா என்ன குறைஞ்சா போயிடும்? எல்இடி மாத்தாத பழைய வண்டி இன்னைக்கு எத்தனை இருக்கு? ஆனா அங்க முதல் பக்கத்துல இருக்கிறது "எங்கள் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி."

அப்புறம் வேக்குவம் கிட்டு மாட்டுறவங்களுக்கு "பிரேக் பெடல்ல இருக்குற அந்தக் காத்து விடுற வால்வை மாட்டாட்டியும் ஓடும்"னு சொல்றவங்க இருக்காங்க பாரு, அவங்களை எல்லாம் என்ன பண்றது? கரண்ட் ஸ்விட்ச் ஃபெயில் ஆனாலும் பிரேக் மிதிச்ச உடனே த்ராட்டிலை விடுவிக்கிறது அந்த வால்வுதான். அத்தனை டன் வண்டி த்ராட்டில் தொறந்தபடி எவன் மேலயாவது ஏறப் போறப்ப "ஓடும்"ங்கிறதை வச்சு என்ன செய்ய?

ஒவ்வொரு தடவை ஏதாவது மாத்தினாலும் நின்ன இடத்துல டெஸ்ட் பண்ண முடியாது, மணிக்கு 30 மைலுக்கு மேல போனாத்தான் குரூஸே முழிக்கும். அதனால தட்டு, டம்ளர், அலமாரிக் கதவு எல்லாம் கடகடன்னு ஆட முழு வீட்டையும் ரோட்டுக்கு ஓட்டிட்டுப் போகணும், வரணும், எஞ்சின் ஆற வரைக்கும் காத்திருந்து திரும்ப மூடியைத் தொறக்கணும். சங்கிலியில ஒரு உருண்டை டைட்டா வச்சா ஐடில் ஏறிடுது, ஒரு உருண்டை லூஸா விட்டா பிடிக்கிறப்ப வண்டி தொய்ஞ்சு அப்புறம் எகிறுது.

இப்போ ஒருவழியா பிடிக்குது. ஆனா சமதளத்துலயே வேகம் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஊஞ்சலாடுது, சென்ஸிடிவிட்டியை ஒரு படி குறைச்சா சரியாயிடும்னு தெரியும். அந்த ஸ்விட்ச் எங்க இருக்குன்னா, பெட்டிக்கு அடிப்பக்கம், ஒரு ரப்பர் மூடிக்குள்ள. பெட்டியை மாட்ட அந்த எஞ்சின் குகைக்குள்ள இருக்குற ஒரே இடத்துல மாட்டினா அந்த அடிப்பக்கம் எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்குற ஃபயர்வால் தகட்டைப் பார்த்துட்டு நிக்குது. திரும்ப எல்லா போல்ட்டையும் கழட்டணும். எவன்யா இதை டிசைன் பண்ணது, ஒரு தடவையாவது அவன் கையால மாட்டிப் பார்த்தானா?