வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்களுக்கு ஒரு குழாய் வையுங்கள்

நாள்கணக்கில் நடக்கிற மனுஷனுக்குக் குடிக்கத் தண்ணியும் படுக்க இடமும் வைப்பதில் ஆஸ்திரேலியாவின் வறண்ட காடு நம் டெல்டாவை ஜெயித்துவிட்டது. ஊரெல்லாம் ஆறு ஓடுகிற நாட்டில் பிறந்துவிட்டு இதை எழுத எனக்கும் கடுப்பாகத்தான் இருக்கிறது.

மச்சினன் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வேலை பார்க்கிறான். போன ஜூலையில் அங்கே போயிருந்தபோது லாராபின்டா நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனான். மொத்தம் 220 கிலோமீட்டருக்கு மேல், 12 பகுதிகள். அரெர்ன்டே பழங்குடி மக்களின் நிலம் அது. நாங்கள் நடந்தது ஆறாம் பகுதியில். ஹியூ கோர்ஜ் என்கிற பள்ளத்தாக்கிலிருந்து எல்லரி கிரீக் வரை சுமார் 31 கிலோமீட்டர், அந்தப் பாதையிலேயே நீளமான பகுதி.

ஜூலை அங்கே குளிர்காலம். விடியற்காலையில் பல் கிட்டுகிறது, பத்து மணிக்கெல்லாம் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டவேண்டியதாகிவிட்டது. பாறை இடுக்கை விட்டு வெளியே வந்தால் சமவெளி. சிவப்பு மண், முல்கா மரம், ஸ்பினிஃபெக்ஸ் புல். புல் என்றா சொன்னேன்? ஊசி! சாக்ஸில் நுழைந்த முனை அப்படியே ஒடிந்து உள்ளே தங்கிக்கொள்கிறது, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். ஈ வேறு, கண்ணோரத்து ஈரத்துக்கு வந்து மொய்க்கிறது. மச்சினன் முன்னால் போய்க்கொண்டே இருந்தான். நான் குடித்த தண்ணியையும் மிச்சத் தண்ணியையும் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு பின்னால்.

ஏறக்குறைய பாதி தூரத்தில் ராக்கி கல்லி என்ற இடம். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் ஒரு குழாய். அவ்வளவுதான் ஏற்பாடு. திறந்தால் வெதுவெதுப்பாக வருகிறது, சுத்திகரித்துத்தான் குடிக்க வேண்டும். ஆனால் 'ராத்திரி இங்கே தண்ணி இருக்கும்' என்று தெரிந்து நடக்கிறதற்கும் தெரியாமல் நடக்கிறதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று என் கால்களைக் கேட்டால் சொல்லும். மலையும் சூரிய உதயமும் அழகுதான், மறுக்கவில்லை. எனக்கு மனசில் நின்றது அந்தக் குழாய்.

ஊருக்கு வந்து நீடாமங்கலத்துப் பெரியப்பாவிடம் சொன்னேன். "காசையும் குடுத்துட்டு வெயில்ல நடந்துட்டு வந்தியாக்கும்? இங்க நம்ம ரோட்டுல வருசா வருசம் ஜனம் சும்மாவே நடக்குதேடா" என்றார்.

உண்மைதான். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். அதற்கு முன்னாலேயே காவி உடுத்தி, சின்னச் சப்பரத்தில் மாதாவை வைத்துத் தள்ளிக்கொண்டு, தஞ்சாவூர், நீடாமங்கலம், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாகக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். பலர் வெறுங்காலோடு. சாலையை அகலப்படுத்திய இடங்களில் புளியமரம் போய்விட்டது, மிஞ்சியது வெள்ளைக்கோடும் தாரும். பகலில் கால் பொசுங்குகிறதென்று ராத்திரியில் நடக்கிறார்கள். அப்போது பஸ்ஸும் லாரியும் முழங்கை உரசுகிற மாதிரி போகின்றன. முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம்.

வழியெல்லாம் மோரும் புளிசாதமும் கொடுக்கிற கைகளை நான் குறைசொல்லவே மாட்டேன். மதம் பார்க்காமல் கொடுக்கிற ஜனம் இது. ஆனால் அந்தப் பத்து இருபது நாள் போனால் பந்தலும் போய்விடும். சாப்பாடு கொடுக்க நூறு பேர் வருவார்கள், கழிப்பறைக்கு யாரும் வரமாட்டார்கள். ஒதுங்க இடமில்லை என்று தாகத்தை அடக்கிக்கொண்டு நடக்கிற பெண்களை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே உண்டு.

இதெல்லாம் நமக்குத் தெரியாத வித்தை என்றால்கூடப் பரவாயில்லை. தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியில் மராட்டிய அரசர்கள் வரிசையாகச் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. இந்தச் சத்திரங்களைப் பற்றி இரண்டாம் சரபோஜி 1801-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு எழுதிய கடிதத்தில், நடுராத்திரியில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று கூப்பிடுவார்கள் என்று வருகிறது. நடுராத்திரியில் மணியடித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள் ஐயா! சாலையோரச் சுமைதாங்கிக் கல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைச்சுமையை அடுத்தவர் கை இல்லாமல் இறக்கி ஏற்ற, ஆள் உயரத்துக்கு ஒரு கல். இப்போது அதில் போஸ்டர் ஒட்டுகிறோம்.

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார்கள். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். அப்போது கட்டுவதற்குச் சாலையோரம் மரம் இருந்தது என்பதையும் கவனியுங்கள்.

என் யோசனை பெரிசில்லை. கல்லணையில் பிரிகிற வெண்ணாற்றின் கரை இருக்கிறதே, அது தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்துவிட்டு, நீடாமங்கலம் பக்கம் ஆறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு வரை வருகிறது. காலம்காலமாக லஸ்கர்கள், அதாவது பொதுப்பணித்துறையின் கரைக் காவலாளிகள், நடந்து காவல்காத்த கரை. சில இடத்தில் தார் போட்டிருக்கிறார்கள், சில இடத்தில் கருவேலமுள், சில இடத்தில் ஆக்கிரமிப்பு. புதிதாக ஒரு சென்ட் நிலம் எடுக்க வேண்டாம், யாத்திரைக்காரர்கள் நடக்கிற மாதிரி இருக்கிற கரையைச் சீர்செய்தால் போதும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் யாத்திரை நேரத்தில் பக்கத்திலேயே தண்ணி ஓடும், குளிக்கப் படித்துறையும் உண்டு. மூணாறு தலைப்புக்குக் கிழக்கே எந்தக் கரை வசதி என்று அந்தந்த ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

"பாலைவனத்துல தண்ணி இல்ல, அதனால தொட்டி வைக்கிறான். இங்கதான் அடிக்கு ஒரு வீடு இருக்கே" என்று ஒரு நண்பர் வாதாடினார். வீடு இருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

இதைச் சுற்றுலாத் திட்டமாக்கி வளைவு, சிமென்ட் நாற்காலி, செல்ஃபி எடுக்க ஒரு பொம்மை என்று ஆரம்பித்தால் நானே எதிர்ப்பேன். ஆற்றுத் தண்ணியைத் திறந்து மூடுகிற ஒவ்வொரு சட்ரஸ் (மதகு) பக்கத்திலும் ஒரு குடிதண்ணீர்க் குழாய், தாழ்ப்பாள் உள்ள ரெண்டு கழிப்பறை, ஓட்டுக் கொட்டகை ஒன்று. அதைச் சுத்தமாக வைத்திருக்க வருஷம் முழுக்கச் சம்பளத்துக்கு ஒரு ஆள். அந்த ஆளுக்குப் பணம் ஒதுக்காமல் மற்றதைக் கட்டவே வேண்டாம்.