மழுங்கிய மீன் கத்திக்குக் கம்பி மட்டும் போதாது

மீனில் முள் நீக்கிச் சதை எடுக்கும் கத்தி மழுங்கினால் கத்தி தீட்டும் ஸ்டீல் கம்பியில் நாலு இழுப்பு போதும், தீட்டுக்கல்லே வேண்டாம் என்று ஒரு கருத்து இருக்கிறது. பலர் பகிர்ந்தும் விட்டார்கள். மன்னிக்கவும், அது பாதிதான் சரி.

வழவழப்பான கம்பி, மடங்கிய விளிம்பை நிமிர்த்தும். தேய்ந்துபோன விளிம்பைப் புதிதாக உண்டாக்க அதனால் முடியாது, அதற்குக் கல்தான். (வைரத்தூள் பூசிய கம்பி கொஞ்சம் தேய்க்கும், அது வேறு வகை.) கடலூர் துறைமுகத்திலோ புதுச்சேரி தேங்காய்த்திட்டிலோ முழு மீனாக வாங்கி வீட்டில் அறுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: மழுங்கிய கத்தி சங்கராவின் தோலில் வழுக்கிக் கையில் பாயும்.

நீங்களே சோதிக்கலாம். வெயிலில் விளிம்பை மேல்நோக்கிப் பிடித்து நேராகப் பாருங்கள். கூரான விளிம்பு கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கம்பியில் பக்கத்துக்குப் பத்துத் தடவை இழுத்த பிறகும் கோடு இருந்தால், 1000 கிரிட் (சொரசொரப்பின் அளவு) கல்லை நனைத்துக்கொள்ளுங்கள். 2 செ.மீ. அகல அலகின் முதுகை அரை செ.மீ. உயர்த்தினால் சுமார் 15 டிகிரி. எதிர்ப்பக்கம் நெடுகிலும் பிசிர் (தேய்க்கும்போது விளிம்பில் மடங்கி நிற்கும் மெல்லிய உலோக ஓரம்) தட்டுப்படும்வரை ஒரே பக்கம் தேய்க்க வேண்டும். பெரும்பாலும் அதற்கு முன்பே நிறுத்திவிடுவதால்தான் கல்லும் பயனில்லை என்று தோன்றுகிறது. பிசிரைப் பார்க்க விரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி நகர்த்துங்கள், விளிம்போடு நெடுக இழுக்காதீர்கள். பிறகு மறுபக்கமும் அப்படியே, கடைசியில் அழுத்தாமல் மாற்றி மாற்றிச் சில இழுப்பு. மறுபடி வெயிலில் பாருங்கள், கோடு மறைந்திருக்கும்.