பாலத்தைத் தாண்டினால் பூனை திருந்திவிடுமா?

எங்கள் பூனை காரல் வீட்டுக்கு வந்துவிட்டது. விசாரித்த எல்லோருக்கும் நன்றி. மாடியில் காயப்போட்ட கருவாட்டைத் தின்றுவிட்டது என்று பக்கத்து வீட்டு அண்ணன் காரலைச் சாக்கில் கட்டிப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டார்; முழுக்கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. ஆனால் தெரு வாட்ஸ்அப் குழுவில் அந்த அண்ணன் போட்ட குரல் பதிவை மட்டும் என்னால் சும்மா விட முடியவில்லை. "தண்ணியத் தாண்டி விட்டா பூனை திரும்பாது, அதான் பாம்பன்ல கொண்டுபோய் விட்டேன். இனி சேட்டை இருக்காது." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

எப்படி இல்லாமல் போகும்? சேட்டைக்குக் காரணம் நம் மாடியிலும் அடுப்படியிலும் இருக்கிறது. அதைச் சாக்கில் கட்டிப் பாலம் தாண்டிக் கொண்டுபோக முடியாது.

கருவாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நமக்குத் தடைக்காலம் என்றால் மீன் விலை ஏறும், அவ்வளவுதான். கரையில் சங்காயம் என்கிற கழிவு மீனைப் பொறுக்கித் தின்ற பூனைகளுக்கு வயிறு காயும். சரியாக அந்த நேரத்தில்தான் வாங்கி வைத்த கருவாட்டில் பூச்சி விழக்கூடாதென்று மொட்டை மாடியில் பரப்புகிறோம். என் வீட்டில் பழைய வலையைக் கருவாட்டுக்கு மேலே உயர இழுத்துக் கட்டிவிடுவேன். காரல் சுற்றிச் சுற்றி வரும். ஒரு முன்னங்காலை வலைக்கண்ணுக்குள் தோள் வரை விட்டுத் துழாவும், எட்டாது. என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விடும். பக்கத்து மாடியில் வலை இல்லை. நடந்தது இவ்வளவுதான்.

சரி, காரலைக் கொண்டுபோய் விட்டாயிற்று. கருவாடு திறந்து கிடந்தால் நாளைக்கு வேறு பூனை வராதா?

"நாலு சாத்து சாத்தினால் தெரியும்" என்று ஒருவர். எப்போதோ உருட்டிய பாத்திரத்துக்கு நீங்கள் வந்து அடித்தால், எதற்கு அடி என்று அதற்குத் தெரியாது. உங்கள் கையைப் பார்த்தால் ஓட வேண்டும் என்பது மட்டும் தெரியும். எங்கள் இன்னொரு பூனை சூடை வந்த புதிதில் கட்டில் மெத்தையைப் பிறாண்டியே நூல் நூலாக்கியது. பூனைக்குப் பிறாண்டாமல் இருக்க முடியாது. நகத்தின் மேல் தோடு கழன்று விழவேண்டும், பாதத்தில் சுரக்கும் வாடையை அங்கே பூசி இது என் இடம் என்றும் சொல்லவேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு பனங்கட்டையை நிறுத்தி, தேங்காய்நார்க் கயிற்றை நெருக்கிச் சுற்றிக் கொடுத்தார். மெத்தை தப்பியது. இப்போது கட்டையடியைக் கூட்டினால் நெல் உமி மாதிரி நகத்தோடுகள் வருகின்றன. அதேபோல நடுராத்திரி ஓட்டம். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு கயிற்றை இழுத்து நன்றாக விளையாட வைத்து, அப்புறம் சோறு போட்டால் பெரும்பாலும் படுத்துவிடும். இரண்டுக்கும் கருத்தடை செய்திருக்கிறோம். இதற்கெல்லாம் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். சாக்குக்கு மெனக்கெட வேண்டியதில்லை.

"உங்கள் பூனை எங்கள் மாடிக்கு ஏன் வருகிறது?" என்று கேட்பீர்கள். அதற்கு மாடி உங்களுடையது என்று தெரியாது. "ரோமம் பறக்கிறது, குழந்தைக்கு இளைப்பு" என்றால் அது நியாயம். என்னிடம் வந்து சொல்லியிருந்தால் அந்தப் பக்கம் போகாதபடி வழி பார்த்திருப்பேன். யாரும் வந்து சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில்தான் சொன்னார்கள், அதுவும் எல்லாம் முடிந்த பிறகு.

பட்டினியில் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். பாம்பன் போய்வந்த பெட்ரோல் அதைவிடக் கூட. கீழக்கரையில் என் தோழியின் உம்மா பூனை மேல் கை ஓங்கினாலே சத்தம் போடுவார். பூனையை அடைத்து வைத்துப் பட்டினி போட்டுக் கொன்ற பெண் நரகத்துக்குப் போனாள் என்ற ஹதீஸைச் சொல்வார். அவர் வீட்டுக் கருவாட்டையும் பூனை தின்னத்தான் செய்கிறது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நான் மதினி மதினி என்று உருகும் ஒருவர் குழுவில் எழுதுகிறார்: "பிள்ளைகுட்டி இல்லாத வீட்ல பூனைக்குத்தான் செல்லம்." கூடவே சிரிக்கும் முகம். மதினி, இந்தத் தெருவில் எந்த வளைகாப்புக்கு நான் தட்டு எடுத்து வரவில்லை? வளையல் போட மட்டும் என்னைக் கூப்பிடாமல் விட்ட வீடுகளிலும் பந்தியில் நின்று பரிமாறிவிட்டுத்தான் வந்தேன். உங்கள் பேரன் எங்கள் வீட்டில் கண்ணாடி உடைத்தபோது அவனை யாரும் சாக்கில் கட்டவில்லையே?

பூனையைப் பற்றித்தான் எழுத வந்தேன், எங்கோ போய்விட்டது. பரவாயில்லை, அழிக்கப் போவதில்லை.

"பூனைக்குக் காட்டும் பாசத்தை மனுசருக்குக் காட்டுங்கள்" என்று கீழே எழுதத் தயாராக இருப்பவர்களுக்கு: காட்டியாயிற்று. அந்த அண்ணன் வீட்டுக் கருவாட்டுக்கு அன்றைக்கே பணம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் சாக்கைத் தேடியிருக்கிறார்.