பூட்டு எண்ணை எழுதிக் கொடுத்தவன் சொல்கிறேன்

நம் செய்திகளின் பூட்டைத் திறக்க அரசுகளுக்குச் சாவி கொடுக்கக்கூடாது என்று நேற்று எழுதியிருந்தேன். அந்தப் பதிவின் கீழ் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "ஒளித்துவைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன பயம்?" என்று கேட்டவர் எனக்குப் பத்து வருட நண்பர். அதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளில் பாதி எனக்குத் தெரிந்தவர்கள் போட்டவை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அதனால் மறுபடியும் எழுதுகிறேன்.

முனைக்கு முனை குறியாக்கம் என்றால் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது. அதில் சாவி அனுப்புகிறவர் போனிலும் பெறுகிறவர் போனிலும் மட்டும்தான் இருக்கும். நடுவில் இருக்கும் நிறுவனத்திடம்கூடக் கிடையாது. அரசுகள் கேட்பது மூன்றாவது சாவி. அதை ஒருமுறை செய்துவிட்டால் யார் கைக்குப் போனாலும் திறக்கும். திறக்கிறவர் சீருடை போட்டிருக்கிறாரா என்று பூட்டு பார்க்காது.

"கோர்ட் உத்தரவு இருந்தால்தானே திறப்பார்கள்?" என்கிறீர்கள். கிரீஸில் 2004-05இல் என்ன நடந்தது? சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காகத் தொலைபேசி இணைப்பகத்தில் இருந்த வசதியை யாரோ திருட்டுத்தனமாக இயக்கி, பிரதமர் உட்பட நூறு பேருக்கு மேற்பட்டவர்களின் பேச்சை ஒட்டுக்கேட்டார்கள். அமெரிக்காவில் 1994 சட்டம் தொலைபேசி நிறுவனங்களை இப்படி வாசல் வைக்கச் சொன்னது. 2024இல் சீனாவோடு தொடர்புடைய ஊடுருவல்காரர்கள் அந்த ஒட்டுக்கேட்பு அமைப்புகள்வரை போய்விட்டார்கள். அதன்பிறகு அமெரிக்க அதிகாரிகளே மக்களிடம் குறியாக்கம் உள்ள செயலிகளைப் பயன்படுத்தச் சொன்னார்கள். மூன்றாவது சாவி என்றால் இதுதான்.

பிரிட்டனில் அரசின் நெருக்கடியால் 2025 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐகிளவுட் என்னும் தன் இணையச் சேமிப்பகத்தின் கூடுதல் குறியாக்க வசதியையே விலக்கிக்கொண்டது. பாதுகாப்பை இழந்தது சாதாரண ஜனங்கள்.

என் கதையையும் சொல்கிறேன். ஒருமுறை போனைப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது பூட்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். திரையை மாற்ற மட்டும்தான். அதில் அக்காவின் ஸ்கேன் அறிக்கை இருந்தது. வீட்டில் அம்மாவுக்குக்கூடச் சொல்லியிருக்கவில்லை. நாலே நாளில் உறவுக்காரர் ஒருவர் அக்காவிடமே துக்கம் விசாரித்தார். அக்கா என்னைத் திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் ஒளித்துவைத்தது குற்றமா?

குழந்தைகள் மீது வன்கொடுமை செய்கிறவர்களைப் பிடிக்க இந்தச் சாவி வேண்டும் என்பீர்கள். அந்தக் கேள்வி எனக்கும் வலிக்கிறது. சுலபமான பதில் என்னிடம் இல்லை. ஆனால் சந்தேக நபரின் போனைக் கைப்பற்றலாம், புகார் வந்த கணக்கைத் துருவலாம். அதற்காக எல்லார் வீட்டுக்கும் சாவி எதற்கு? அந்தக் குழந்தைகளின் போனும் அதே சாவிக்குத்தானே திறக்கும்? தீவிரவாதியைக் காரணம் காட்டுகிறவர்களுக்கு: அவன் நாளைக்கே வேறு செயலிக்குப் போய்விடுவான். மாட்டுவது நாம்தான்.

நண்பரே, நீங்கள் ஒரு நள்ளிரவில் எனக்கு அனுப்பிய செய்திகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் குற்றம் எதுவுமே இல்லை. ஆனாலும் "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றுதான் முடித்திருந்தீர்கள். இன்றுவரை நான் சொல்லவில்லை.