சைஹப் தடையும் சின்னப்பாலத்துப் பாசியும்

காசு கட்டிப் படிக்க வேண்டிய ஆய்வுக்கட்டுரைகளைக் காசில்லாமல் தரும் சைஹப் தளத்தை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் இந்தியாவில் முடக்கச் சொன்ன நாளிலிருந்து இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கே எழுதியிருந்தால் வெறும் கோபம்தான் வந்திருக்கும். இன்றும் கோபம் போகவில்லை. செய்தியைப் பகிர்ந்துவிட்டு நம்மவர்கள் எழுதிய வரிகள்மேல்தான் அந்தக் கோபம்.

"திருட்டுக் கூட்டத்துக்கு ஆப்பு" என்று ஒரு பக்கம். "கோர்ட்டையே விலைக்கு வாங்கிட்டாங்க" என்று இன்னொரு பக்கம். எங்கள் ஊர் வாட்ஸாப் குழுவில் இதைத் தமிழ்ப் படங்களைத் திருட்டுத்தனமாக ஏற்றும் தளம் என்றே பலர் நினைத்துக்கொண்டார்கள். ஒரு மாமா கேட்டார்: "ஒன் போட்டு மீனை இன்னொருத்தன் அள்ளிட்டுப் போனா சும்மா இருப்பியா?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அம்மா பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுப்பவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையோடு முங்கிப் பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து எடுப்பார். துணியையும் மீறிப் பாறை கிழிக்கும். அந்தத் தழும்புகளைத் தொட்டுத்தான் நான் எண்ணப் பழகினேன். மரிக்கொழுந்து எங்கே தழைக்கும், கட்டக்கோரைப் பாசி எந்த மாதம் முற்றும், கஞ்சிப்பாசியை எந்த அளவு விட்டுவைத்தால் அடுத்த முறை வரும் என்பதெல்லாம் அவருக்கும் பெரியம்மாவுக்கும் மனப்பாடம்.

நான் பள்ளியில் படித்தபோது ஆராய்ச்சி செய்யும் அக்கா ஒருவர் வந்து சில வாரம் எங்கள் தெருவில் தங்கினார். இவர்கள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டார். படகிலும் கூட வந்தார். மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டோம். தங்கமான மனுஷி, இன்றைக்கும் பொங்கலுக்கு போன் பண்ணுவார்.

பல வருடம் கழித்து, கடல் உயிரியல் படிக்கும்போது அந்த அக்கா எழுதிய கட்டுரை என் கண்ணில் பட்டது. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்திருந்தது. சுருக்கம் மட்டும் இலவசம். முழுதாகப் படிக்க 30 டாலருக்கு மேல் கட்ட வேண்டும். அதுவும் ஒரே ஒரு கட்டுரைக்கு. எனக்கோ 20 கட்டுரை தேவைப்பட்டது. நான் படித்த சுயநிதிக் கல்லூரியில் அந்த இதழ் கிடையாது.

அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தக் காசு அந்தப் புள்ளைக்குப் போகுமா?"

போகாதும்மா.

"அப்ப யாருக்கு?"

இந்தக் கேள்வியைத்தான் அந்த மாமாவிடம் திருப்பிக் கேட்கிறேன். ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவருக்குப் பதிப்பகம் காசு தருவதில்லை. கட்டுரை சரியா தப்பா என்று பார்த்துச் சொல்லும் மற்ற ஆய்வாளர்களும் பெரும்பாலும் சும்மாதான் பார்த்துக் கொடுக்கிறார்கள். ஆராய்ச்சிச் செலவு பல நேரம் அரசுப் பணம், அதாவது நம் வரிப்பணம். அச்சேற வேண்டுமென்றால் பதிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் பெரும்பாலான இதழ்களின் வழக்கம். இதை நம் கரையில் வைத்துப் பாருங்கள் மாமா. ஊரே சேர்ந்து டீசல் போடுகிறது, நீங்கள் கடலுக்குப் போகிறீர்கள், பக்கத்துப் படகுக்காரர் சும்மா வந்து மீனைத் தரம் பிரித்துக் கொடுக்கிறார், வியாபாரி பைசா கொடுக்காமல் எடுத்துப்போய் அதே ஊருக்கு அதே மீனை விற்கிறார். இதில் யார் மீனை யார் அள்ளினார்கள்?

வியாபாரிக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இதழ் நடத்தவும், கட்டுரைகளைச் சரிசெய்து காலத்துக்கும் பாதுகாக்கவும் செலவு உண்டு. ஆனால் அந்தச் செலவுக்கும் அந்த விலைக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

சினிமா வேறு. படம் வந்த அன்றே தியேட்டரில் எடுத்து ஏற்றுகிறவன் லைட்மேன் வரைக்கும் எல்லார் வயிற்றிலும் அடிக்கிறான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அண்ணன் கடலுக்குப் போகும்போது மெமரி கார்டு நிறையப் பாட்டு ஏற்றிக்கொண்டு போவான், நடுக்கடலில் சிக்னல் கிடையாது. அது சரியா என்று அவன் கேட்டபோது உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

சரி, உத்தரவுக்கு வருவோம். எல்சேவியர், வைலி, அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி ஆகிய மூன்று ஆய்விதழ்ப் பதிப்பாளர்களும் 2020 டிசம்பரில் வழக்குப் போட்டார்கள். எதிர்த்தரப்பு சைஹப்பைத் தொடங்கிய கஜகஸ்தான் பெண் அலெக்சாண்ட்ரா எல்பாக்யான். வழக்கு வந்த உடனேயே, புதிய கட்டுரைகளை ஏற்ற மாட்டோம் என்று அவர் தரப்பு நீதிமன்றத்தில் உறுதி கொடுத்தது. அந்த உறுதியை மீறிவிட்டார் என்று பதிப்பாளர்கள் முறையிட்டார்கள். அதன் பேரில்தான் முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. படிப்புக்காக ஒரு கட்டுரையை நகல் எடுப்பது குற்றமா என்ற பெரிய கேள்விக்கு அந்த உத்தரவு பதில் சொல்லவில்லை. கைதட்டியவர்களும் திட்டியவர்களும் அதற்குப் பதில் வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டார்கள். எனக்கு ஆறாதது இதுதான்.

ஏனென்றால் அதற்கு நெருக்கமான ஒரு கேள்விக்கு அதே நீதிமன்றம் முன்பே பதில் சொல்லியிருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை, பெயர் ராமேஸ்வரி. எங்கள் ராமேஸ்வரம் மாதிரி இருந்ததால்தான் முதலில் அந்தச் செய்தியையே நான் படித்தேன். பாடத்துக்கு வேண்டிய பக்கங்களைப் பல புத்தகங்களிலிருந்து நகலெடுத்துத் தொகுத்துக் கொடுத்தார்கள் என்று ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012ல் கடைமேலும் பல்கலைக்கழகத்தின்மேலும் வழக்குப் போட்டன. 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை ஒன்றும் தெய்வம் கொடுத்த உரிமையோ இயற்கையாக வந்த உரிமையோ அல்ல என்ற பொருளில் தீர்ப்பில் எழுதினார். அந்த டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, சில விஷயங்களை மேலும் விசாரிக்கத் திருப்பி அனுப்பினாலும், கற்பிப்பதற்குத் தேவையான அளவு நகலெடுப்பதற்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டது. 2017ல் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

அந்த வழக்கில் எனக்குப் பிடித்தது தீர்ப்பைவிட அதற்கு முன் நடந்தவை. மாணவர்கள் ஒரு சங்கம் அமைத்துத் தாங்களும் ஒரு தரப்பாக வழக்குக்குள் போனார்கள். ஆசிரியர்களும் போனார்கள். வழக்கு வேண்டாம் என்று பதிப்பகங்களுக்கு எழுதியவர்களில் அமர்த்தியா சென்னும் ஒருவர். அவருடைய புத்தகங்களை வெளியிட்டதும் இதே மாதிரிப் பதிப்பகங்கள்தான். எழுதியவர்களே வந்து, எங்கள் எழுத்தைப் பிள்ளைகள் படிக்கட்டும் என்றார்கள்.

சென்னையிலும் ஒன்று நடந்திருக்கிறது. 2012ல் ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 'அசோக் குமார்' உத்தரவு வாங்கினார்கள். யார் என்றே தெரியாதவர்மேல் வழக்குப் போடும்போது வைக்கும் பெயர் அது. அதைக் காட்டியதும் இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் விமியோ போன்ற வீடியோ தளங்களை மொத்தமாக மூடிவிட்டன. சொந்தமாக எடுத்த குறும்படத்தை அங்கே வைத்திருந்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். பல நகரங்களில் முகமூடி போட்டுக்கொண்டு இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிறகு ஜூன் மாதம், முழுத் தளத்தையும் மூடக் கூடாது, குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சுவீடனில் 2009 ஏப்ரலில், படமும் பாட்டும் திருட்டுத்தனமாகப் பகிர உதவிய பைரேட் பே தளத்தின் வழக்கில் நாலு பேருக்கு ஒரு வருடச் சிறைத் தண்டனை வந்ததும் ஜனங்கள் கூட்டமாகப் போய், பதிப்புரிமைச் சட்டத்தை மாற்றக் கேட்ட பைரேட் கட்சியில் சேர்ந்தார்கள். அந்த ஜூனிலேயே அந்தக் கட்சிக்கு 7.1 சதவீத வாக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் கிடைத்தன. அந்தத் தளத்தை நான் ஆதரிக்கவில்லை. தீர்ப்பு பிடிக்காதவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

"அதான் மத்திய அரசு ஒரே நாடு ஒரே சந்தா கொண்டுவந்துவிட்டதே" என்று சிலர் கேட்டார்கள். ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம் அது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், ஏறக்குறைய 13,000 இதழ்கள். ஆனால் இப்போதைக்கு அது அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத்தான். சுயநிதிக் கல்லூரிப் பிள்ளைக்கு இல்லை. படிப்பு முடித்து வெளியே வந்த எனக்கு இல்லை. அம்மாவுக்குச் சுத்தமாக இல்லை.

அம்மா எதற்குப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1986ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்கா ஆயின. தலைமுறையாகப் பாசி எடுத்த திட்டுகளுக்கு அதன்பிறகு பயந்து பயந்துதான் போக வேண்டியிருந்தது. பாசி குறைகிறதா, பவளப்பாறை செத்துவிட்டதா, காரணம் கைகளா வெப்பமா என்பதையெல்லாம் பேசும்போது அதிகாரிகள் மேசையில் இருப்பது இந்த மாதிரிக் கட்டுரைகள். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் அவை இல்லை. தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அவர்கள் எப்படிப் பதில் பேசுவார்கள்?

வேறு வழி இருக்கிறது என்பதற்குப் பக்கத்து ஊரான மண்டபமே சாட்சி. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947ல் தொடங்கப்பட்டது. 1971ல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையகம் மண்டபம் முகாமில்தான் இருந்தது. இன்றும் இங்கே அவர்களின் மையம் உண்டு. அவர்களுடைய இணையக் களஞ்சியத்தில் பல பத்தாண்டு ஆராய்ச்சியை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம். எங்கள் பாசியைப் பற்றிப் பழைய கட்டுரைகள் பலவும் அதில் இருக்கின்றன. நம் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி எல்லாம் இப்படி வெளியே வர வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள், பல்கலைக்கழகத்துக்கு எழுதுங்கள். கைதட்டவும் திட்டவும் செலவழித்த நேரம் அதற்குப் போதும்.

நானும் சைஹப்பைப் பயன்படுத்தியிருக்கிறேன். அது இல்லாமல் என் ஆய்வேடு இல்லை. இப்போது வேறு மாதிரி செய்கிறேன்: கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் போட்டு ஒரு பிரதி கேட்கிறேன். இதுவரை 14 பேருக்குப் போட்டதில் 9 பேர் உடனே அனுப்பினார்கள். ஒருவர் கூடவே தன் அடுத்த கட்டுரையையும் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் சாப்பிட்ட அந்த அக்காவும் அனுப்பிவிட்டார். அதை இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தமிழில் படித்துச் சொன்னேன். ஒரு இடத்தில் மாதத்தை மாற்றி எழுதியிருப்பதாகப் பெரியம்மா சொன்னார். அதை அக்காவுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கரையில் இருக்கிற யாருக்காவது நம் கடலைப் பற்றி எந்தக் கட்டுரையாவது வேண்டுமென்றால் தலைப்பை எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். எழுதியவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். வந்தால், முக்கியமான பக்கங்களைத் தமிழில் சொல்லி ஆடியோவாகவும் அனுப்புகிறேன்.