ஆசிட் ஊத்தினா மாடி ஒழுகல் நிற்காது

"ஆளைக் கூப்பிட்டு ஆசிட் ஊத்திக் கழுவுங்க, மொட்டை மாடிப் பாசியும் போகும், ஒழுகலும் நிற்கும்"னு மேலே எழுதியிருக்கீங்க. தப்புங்கண்ணா. பாசி போகும். கூடவே தட்டோட்டு இடுக்குல இருக்கிற சிமெண்ட், சுண்ணாம்பையும் ஆசிட் அரிச்சிடும்.

கிருஷ்ணகிரியில எங்க வீட்டுல இப்படித்தான் பண்ணாங்க. புஸ்ஸுன்னு நுரை பொங்குச்சு, அழுக்கு போகுதுன்னு நினைச்சோம். கரைஞ்சது சுண்ணாம்பு. ஐப்பசி மழைக்குப் படுக்கையறை சீலிங்ல தட்டு அகலத்துக்கு ஈரம்.

பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊறவிட்டு, பிரஷ்ஷால தேய்க்கிற ஆளா பாருங்க. காய்ஞ்சதும் இடுக்கு, விரிசல், மழைத்தண்ணி போற குழாய் வாய் மூணையும் அவர் பார்க்கணும். பிளீச்சிங் பவுடரோட ஆசிட் மட்டும் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. தயவுசெஞ்சு அந்தப் பதிவைத் திருத்திடுங்கண்ணா.